ஆடாத தரையும் ஆடும் போனும்

புதுப் போன் என்று யார் கொண்டுவந்து நீட்டினாலும் அவர் முதலில் அதைத் தரையில் மல்லாக்கப் படுக்க வைக்கிறார். ஒரு மூலையை விரலால் அமுக்குகிறார். முதுகில் கேமரா புடைத்திருப்பதால் போன் டக் டக்கென்று ஆடுகிறது. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நிமிர்கிறார்.

"பார்த்தீங்களா ஆட்டத்தை? நான் இப்படி ஒரு கல்லைப் பதிச்சுட்டு வந்தா என்னைச் சும்மா விடுவீங்களா?"

அவர் போனைப்போல மூன்று மடங்கு விலை கொடுத்து நான் வாங்கிய போனும் இந்தப் பரீட்சையில் தோற்றதுதான். இரண்டு நாள் எனக்கு அவர்மேல் கோபம்.

அவருக்கு டைல்ஸ் பதிப்பது தொழில். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் ரசமட்டம். தரை சாய்ந்திருக்கிறதா என்று குமிழை ஓடவிட்டுக் காட்டும் கட்டைக்குக் கொத்தனார்கள் சொல்லும் பெயர் அது. இருபத்தாறு வருடம் முழங்காலிலேயே நின்று, நடக்கும்போதுகூடக் கொஞ்சம் மடங்கித்தான் நடக்கிறார். எந்த வீட்டுக்குப் போனாலும் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்குமுன் தரையைப் பார்த்துவிடுவார்.

தெருவில் அவருக்கு இன்னொரு மரியாதையும் உண்டு. போன் வாங்குவதென்றால் அவரைக் கேட்காமல் ஒருவரும் கடைவாசல் ஏறமாட்டார்கள். ஐந்து மாதம் கடை கடையாக அலசி, நடுத்தர விலையில் ஓர் ஆண்ட்ராய்டு போன் வாங்கியவர் ஆயிற்றே. "என்னைக் கட்டிக்கிறதுக்குக்கூட இந்த மனுஷன் இவ்வளவு யோசிக்கலே" என்கிறார் வீட்டம்மா. சொல்லும்போது முகத்தில் பெருமைதான் தெரிகிறது.

அந்தப் போனைப் பற்றி அவரிடம் கேட்டால் ஒளிவுமறைவு கிடையாது. இரண்டு நாள் சார்ஜ் நிற்கும். தோள் உயரத்திலிருந்து கல்லில் விழுந்தும் கண்ணாடி கீறவில்லை. டார்ச்சை உயிர் என்பார். தரையோடு தரையாக வைத்து அடித்தால் எந்தக் கல் நூலளவு தூக்கியிருந்தாலும் நிழல் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் அகலமாகப் படம் எடுத்தால் நேர்கோடு வளைகிறது. "என் கோட்டை வளைச்சுக் காட்டுது சார், இது என்ன நியாயம்?" கேட்காத ஆப் பன்னிரண்டு ஏற்றித் தந்திருந்தார்கள்; எல்லாவற்றையும் பெயர்த்து எறிந்துவிட்டார். கைரேகை சென்சார் அவரை மனிதனாகவே மதிக்கவில்லை. சிமென்ட் அரித்த விரல்களில் ரேகை ஏது? கடைசியில் இடது சுண்டுவிரல் காப்பாற்றியது. "அது ஒண்ணுதான் இத்தனை வருஷமா வேலைக்கு மட்டம் போட்ட விரல்" என்று அதை ஆட்டிக் காட்டுகிறார். ஆட்டத்துக்கும் வைத்தியம் பார்த்துவிட்டார். போனின் முதுகில், கேமரா இல்லாத முனையில், இரண்டு ரப்பர் துண்டு ஒட்டியிருக்கிறது. "செருப்பு தச்சுக் குடுத்துட்டேன், இப்போ நேரா நிக்குது."

என் தங்கைக்குப் போன் வாங்க யோசனை கேட்கத்தான் அன்று அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். அடிபட்டவர்களை மறுபடி நடக்கப் பழக்கும் மருத்துவ மையம். இருபத்து நான்கு அடி நீளக் கூடம். ஊன்றுகோலோடு வருகிறவர்கள் நடக்கப்போகும் தரை என்பதால் ஆள் வைக்காமல் முழுவதையும் தானே பதித்திருந்தார். பொறியாளர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

பொறியாளர் தன் போனைத் தரையில் வைத்தார். ரசமட்டத்தின் போன் போலவே அதே கம்பெனி, அதே மாடல், நிறம் மட்டும் கறுப்பு. மட்டம் பார்க்கும் ஆப்பைத் திறந்ததும் திரையில் குமிழ் ஓரமாக ஓடி நின்றது.

"அரை டிகிரி சாய்வு. ஜன்னல் பக்கம் தூக்கியிருக்கு. உடைச்சுட்டு மறுபடி போடணும்."

இருபத்திரண்டு நாள் வேலை. அதைவிட, இருபத்தாறு வருடப் பெயர். ரசமட்டம் தன் பையிலிருந்து அந்தக் குமிழ்க் கட்டையை எடுக்கப் போனார்.

"அந்தப் பழங்கட்டையை எடுக்காதீங்க. இது சென்சார்" என்றார் பொறியாளர்.

ரசமட்டத்தின் கை பைக்குள்ளேயே நின்றது. ஒரு சுடுசொல் வரும் என்று பயந்தேன். வரவில்லை.

"இருபத்து நாலடி ஹால் சார். அரை டிகிரின்னா அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ரெண்டரை அங்குலம் வித்தியாசம் இருக்கணும். என் கண்ணு ஏமாந்தாலும் என் முழங்கால் ஏமாறாது. சரி, அதை விடுங்க. உங்க போனைக் கொஞ்சம் தொடலாமா?"

உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அதே இடத்தில், போனின் தலைப்பக்கம் கால்பக்கமாக வரும்படி திருப்பி வைத்தார். குமிழ் இப்போது வாசல் பக்கம் ஓடியது.

"இப்போ வாசல் பக்கம் தூக்கிக்கிச்சா சார்? கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள?"

பொறியாளர் குனிந்தார். அவரே ஒருமுறை திருப்பினார். குமிழ் விடாப்பிடியாகக் கேமரா பக்கமே போனது. ரசமட்டம் தன் போனைப் பக்கத்தில் வைத்தார், செருப்போடு. பூஜ்யம். திருப்பி வைத்தார். பூஜ்யம்.

"போன் நல்ல போன்தான் சார். முதுகுல ஒரு கூன், அவ்வளவுதான். எந்தக் கருவியையும் ஒரு தடவை கேட்டுட்டு நம்பக்கூடாது. திருப்பி வெச்சு இன்னொரு தடவை கேக்கணும்."

பிறகு சுண்டுவிரலால் போனைத் திறந்து டார்ச்சைத் தரையோடு வைத்து அடித்தார். வெளிச்சம் ஒரு கல்லிலும் தடுக்காமல் எதிர்ச்சுவர் வரை போய் நின்றது. பதித்தவன் நானில்லை, ஆனாலும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பொறியாளர் தன் போனின் முதுகைத் தடவிப் பார்த்து, "அந்த ரப்பர் எங்கே கிடைக்கும்?" என்றார். தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

வெளியே வண்டி கிளம்பும் சத்தம் தேய்ந்தது. அப்புறம்தான் ரசமட்டம் பையிலிருந்து அந்தப் பழைய கட்டையை எடுத்தார். முழங்காலிட்டு, அதே இடத்தில் வைத்துப் பார்த்தார். எடுத்துத் திருப்பி வைத்து, மறுபடியும் பார்த்தார்.