கறார் என்றால் பாராட்டா?

பாராட்டி எழுதியதற்காக யாராவது வீடு தேடி வந்து திட்டுவார்களா? என்னைத் திட்டினார்கள். வாங்கிக்கொள்ள வேண்டிய திட்டுதான்!

ஆறு மாதத்துக்கு முன் இதே பக்கத்தில் எங்கள் ஆரணி பட்டு நெசவாளர் ஒருவரைப் பற்றி எழுதினேன். ஏகாம்பரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். (பெயர் மட்டும் கற்பனை. 'தாராளமா எழுதுங்க' என்று போன வாரம் அவரே சொல்லிவிட்டார்.) பார்டரில் ஒரு இழை பிசகினாலும் ஒரு முழம் பிரித்து மறுபடி நெய்வார். எங்கள் ஊரில் 'கறாரான ஆளு' என்பது பெரிய சர்டிபிகேட். 'இப்படிப்பட்ட கறார் பேர்வழிகளால்தான் ஊர் பேர் நிற்கிறது' என்று முடித்திருந்தேன். ஆஹா, என்ன ஞானம்!

மறுநாள் காலை அவர் மனைவி மல்லிகா வாசலில் நின்றார்.

"ஏண்ணா, உங்களுக்கு வேற ஆளே கெடைக்கலயா? பேப்பரை மடிச்சி பாக்கெட்ல வெச்சிகினு சுத்தறாரு. 'ஊரே மெச்சுது, நீதான் கொறை சொல்ற'ன்றாரு. இனிமே நான் இன்னா பேசறது?"

"கறாரா இருக்கறது நல்லதுதானேம்மா…"

"தறியில இருக்கட்டும்ணா. வூட்ல? கொடியில துணி வரிசை மாறுனா மறுபடி நனைச்சிக் காயப்போடணும். அதுகூட போவட்டும்… பொண்ணு டென்த் படிக்குது. கோடு கோணலாப் போச்சின்னு நோட்டைக் கிழிச்சிப் போட்டாரு. இப்போ அவரு கிழிக்கறதில்ல. அதுவே கிழிச்சிப் போட்டுட்டு உக்காந்து அழுவுது. அவளைக் கூட்டிகினு கண்ணமங்கலத்துக்கு, எங்கம்மா வூட்டுக்கே போய்டறேன்."

எனக்குச் சுருக்கென்றது. "ஒரு மாசம் பொறும்மா" என்றேன். பேஜாரைக் கூட்டிவிட்டவன் நானல்லவா?

ஏகாம்பரத்தை வேலூருக்கு, மனநல டாக்டரிடம் கூட்டிப்போவது லேசா? "எனக்கு இன்னா கேடு? மத்தவங்கதான் சரியில்ல" என்றார். மகள் அழுவதைச் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

டாக்டரம்மாவிடமும் அதே பாட்டு — மத்தவங்கதான் சரியில்ல.

எல்லாவற்றையும் விசாரித்து முடித்து, "இதுல அப்படித்தான் தோணும்" என்றார் அவர். இதற்கு ஆளுமைக் கோளாறு என்று பெயராம். குணமே வளையாமல் இறுகிப்போவது. பத்து வகை, மூன்று கூட்டம். யாரையும் நம்பாமல் சந்தேகப்படுகிறவர்கள், யாரும் வேண்டாமென்று ஒதுங்குகிறவர்கள் ஒரு பக்கம். இன்று தலையில் வைத்துக் கொண்டாடி நாளை தூக்கி எறிகிறவர்கள், 'நான், நான்' என்கிறவர்கள், அடுத்தவர் வலி உறைக்காதவர்கள் இன்னொரு பக்கம். மூன்றாவது, பயந்த கூட்டம். தன்னை ஒதுக்கிவிடுவார்களோ என்று நடுங்குகிறவர்கள், துணையில்லாமல் ஒரு முடிவும் எடுக்காதவர்கள்… அப்புறம், எல்லாமே கச்சிதமாக இருந்தாக வேண்டும் என்கிற நம்ம ஏகாம்பரம்.

"டாக்டர், எனக்கே இதுல நாலஞ்சு இருக்கும்போலயே?"

"கொஞ்சம் கொஞ்சம் எல்லார்கிட்டயும் இருக்கும் சார். சின்ன வயசுலேர்ந்து, எல்லா இடத்துலயும், வருஷக்கணக்கா இருந்து, தனக்கோ சுத்தி இருக்கறவங்களுக்கோ வாழ்க்கையே கஷ்டமானாத்தான் கோளாறு. அதையும் பரிசோதிச்சுத்தான் சொல்லணும். கட்டுரை படிச்சுட்டு முடிவு பண்ணக் கூடாது."

கேட்டுக்கொண்டீர்களா? பக்கத்து வீட்டுக்காரருக்குப் பட்டம் கட்டக் கிளம்பிவிடாதீர்கள்!

சிகிச்சை? முக்கியமாகப் பேச்சுதான். மாதக்கணக்கில், விடாமல். கூடவே பதற்றமோ மனச்சோர்வோ இருந்தால் அதற்கு மாத்திரை. குணத்துக்கென்று தனி மாத்திரை கிடையாது. மகளுக்கும் தனியாகப் பேச டாக்டரே ஏற்பாடு செய்தார். ஏகாம்பரத்துக்கு ஒரு ஹோம்வொர்க் — தினம் ஒரு தப்பைத் திருத்தாமல் விட வேண்டும். மனுஷன் அதற்கும் ஸ்கேல் வைத்து, கட்டம் போட்டு ஒரு நோட்டு தயார் பண்ணிவிட்டார். சிரிப்பதா, அழுவதா?

ஆனால் ஒரு முறைகூட வேலூர் போகத் தவறவில்லை. அதற்குப் பெரிய மனசு வேண்டும். மல்லிகாவும் பொறுத்துக்கொண்டார்.

போன வாரம் அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாள் மார்க் ஷீட்டை அப்பா கண்ணில் காட்டாமல் அம்மாவிடமே கையெழுத்து வாங்கிய பெண், அன்று நேராக அவரிடம் நீட்டினாள். கணக்கில் ஐம்பத்தெட்டு. வெகுநேரம் பார்த்தார். மல்லிகா மூச்சு விடவில்லை. நானும்தான்.

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டிவிட்டது. பேனாவை மறுபடி அதன் மேல் கொண்டுபோனவர், மூடியைப் போட்டார்.

"இருக்கட்டும் வுடு" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு பெரிய சிரிப்பு உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.