கப்பலில் வந்த முளைப்பாரி

ஈப்போவில் இப்போது நாலு பேர் கூடினால் ‘நாம் தென்னாட்டார்’ என்றுதான் பேச்சு. நானும் விடாமல் போய், பெண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறேன். ஆனால் தென்னாட்டார் என்றால் யார் என்று மேடையில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அத்தையின் முளைப்பாரிச் சட்டிதான் நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

நான் பிறந்த மலாயா ரப்பர் தோட்டத்தில் நாங்கள் ‘தெற்கத்தி’. ராமநாதபுரச் சீமைக்காரர்களுக்கு ஒரு லயம், வரிசையாக ஒட்டிய வீடுகள். எதிர் லயத்தில் வட ஆற்காட்டுக்காரர்கள். வேலை ஒரே ரப்பர் காட்டில், வசவு ஒரே கங்காணியிடம். குழாயடியில் குடம் வைக்கும்போது மட்டும் தெற்கு வேறு, வடக்கு வேறு. நாங்கள் கும்பிடுவதுதான் சாமி, அவர்களுடையது வெறும் கூச்சல் என்று நான் உறுதியாக நம்பினேன். எட்டு வயதில் எதையும் உறுதியாக நம்ப முடிகிறது.

அந்த வருஷம் அப்பா குளிர்காய்ச்சலில் படுத்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொய்னா மருந்து கொடுத்தார்கள், எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் அவருடைய அக்கா, என் அத்தை, ஊரிலிருந்து கப்பலேறி வந்தாள். மூட்டைக்குள் ஒன்பது வகைத் தானியம் வைத்திருந்தாள். மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவோம், பயிர் வருகிற மாதிரிதான் தம்பி உடம்பும் வரும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

கரையிறங்கியதும் நோய் பரவக்கூடாதென்று மூட்டைகளையெல்லாம் ஆவியில் போட்டு எடுத்தார்களாம். சேலைச் சாயம் போனதற்கு அத்தை வாய் ஓயாமல் திட்டினாள். தானியமும் அதே மூட்டையில்தான் வெந்தது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அடுப்பங்கரை மூலையில் சாக்குத் திரை கட்டி, எருவும் மண்ணும் நிரப்பிய சட்டிகளில் விதைத்தார்கள். ஆண் கண் படக்கூடாது, வெளிச்சம் படக்கூடாது. செய்தி குழாயடிக்குப் போனது. எதிர் லயத்து அக்கா ஒருத்தி, வாய்க்காரி, குடத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:

“வெதை கப்பல்ல வந்துச்சு, சரி. உங்க சாமி டிக்கெட் வாங்குச்சா?”

“எங்க ஊரு வெதைடி. பாறையில போட்டாலும் மொளைக்கும்” என்றாள் அத்தை.

மூன்றாம் நாள் தலை காட்ட வேண்டிய முளை காட்டவில்லை. அடுத்த நாளும் வெறும் மண். அத்தை விரலால் லேசாகக் கிளறிப் பார்த்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்தாள். அம்மா அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எதையும் வாயில் அடக்கத் தெரியாது. குழாயடிக்கு ஓடி, அந்த அக்காவிடமே சொல்லி அழுதேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் குடம் நிறைந்து வழிவதைக்கூடக் கவனிக்கவில்லை.

“உங்கம்மா சாப்டுச்சா?” என்றாள். பிறகு, “சட்டிய யாரும் கொட்டிடலையே?”

மறுநாள் அம்மா ரப்பர் காட்டுக்குப் பால் வெட்டப் போயிருந்தாள். அத்தை குளிக்க ஆற்றுக்குப் போயிருந்தாள். அக்கா கஞ்சியோடு வந்தாள். இடுப்பில் ஈரச்சாக்கு மூடிய கூடை. கால் முழுக்கச் சேறு. கஞ்சியை அப்பாவுக்கு ஊட்டச் சொல்லி என்னை முன்பக்கம் உட்காரவைத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கிறேன் என்று உள்ளே போனாள். வெகுநேரம் பார்த்தாள்.

அடுத்த விடியலில் சாக்கை விலக்கினால், சட்டி கொள்ளாமல் முளை! வெளிர் மஞ்சளாய், கழுத்து வளைந்து, நெருக்கியடித்துக்கொண்டு. அம்மா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தாள். அத்தை மட்டும் விளக்கைப் பிடித்துக்கொண்டு சட்டிக்குள் பார்த்தபடி நின்றாள். நான் எத்தனையோ முறை முந்தானையை இழுத்த பிறகுதான் குலவை போட்டாள். அன்று மாலை அப்பா எழுந்து உட்கார்ந்து ரசம் கேட்டார். கொய்னாவும் அன்றைக்குத்தான் வேலை செய்வதென்று முடிவு செய்திருக்கலாம். எனக்கென்ன? எங்கள் சாமி வந்துவிட்டது என்று லயம் லயமாக ஓடிச் சொன்னேன்.

“அப்ப டிக்கெட் வாங்கிடுச்சு” என்றாள் அக்கா.

திருவிழா அன்று சட்டிகளைத் தூக்கும் நேரத்தில் அத்தை எதிர் லயத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “இந்தா, வா. நீ ஒண்ணு தூக்கு.”

அக்கா தயங்கினாள். “உங்க மொறையெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா.”

“தெரிஞ்ச வரைக்கும் போதும். தூக்கு.”

எங்கள் சாமியை வடக்கத்தியாள் தலையில் ஏற்றிவிட்டார்களே என்று நான் கோயில்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே நடந்தேன்.

பிறகு படிக்க ஈப்போவுக்கு வந்தேன். ஒருநாள் சந்தையில் ஒரு சீனத்து அம்மா கூடைமேல் இருந்த ஈரச்சாக்கை விலக்கினாள். முளைவிட்ட பாசிப்பயறு. அதே வளைந்த கழுத்து, அதே வாசனை. எங்கள் தோட்டத்துக்கு அப்பால், ஈயம் தோண்டும் லம்பத்துச் சேற்றைத் தாண்டி ஒரு சீனர் கறிகாய்த் தோட்டம் இருந்தது. அவரும் பயறு முளைகட்டி விற்பார். நான் நடுச்சந்தையில் நின்று சிரித்தேன். எவ்வளவு வேண்டும் என்று அந்த அம்மா விரலைக் காட்டிக் கேட்டாள், வாங்கிக்கொண்டேன்.

அப்படியானால் எங்கள் சாமி வரவில்லையா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். வந்தது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

ஒன்பது தானியமும் ஒன்பது விதமாக முளைக்கும். நெல்லின் முளை வேறு, பயறு வேறு. எங்கள் சட்டியில் இருந்தது பயறு மட்டும். ஆயுசெல்லாம் முளைப்பாரி வளர்த்த அத்தை, அன்று விளக்கைப் பிடித்துக்கொண்டு அத்தனை நேரம் அதைத்தான் பார்த்தாள். நான் சாமியைத் தேடுகிறாள் என்று நினைத்தேன்.