குதிரைக்கு எழுதிய ஓய்வுத் துண்டு

பொகவந்தலாவையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் பிறந்த எனக்கு, மிருகவதைத் தடுப்புப் பரிசோதகர் வேலை கிடைத்ததும் தலைகால் புரியவில்லை. காக்கிச் சட்டை, அடையாள அட்டை, எல்லாவற்றுக்கும் மேலாக, உத்தரவுச் சீட்டு எழுதிக் கிழித்துக் கொடுக்க ஒரு துண்டுப் புத்தகம். தோட்டத்தில் துண்டுக்கு இருக்கும் மரியாதை சாமிக்குக்கூடக் கிடையாது. மருந்துக்குத் துண்டு, லீவுக்குத் துண்டு. காலங்காலமாகத் துண்டு கேட்டு நின்ற குடும்பத்தில், துண்டு எழுதிக் கொடுக்கும் முதல் ஆள் நான்தான். கொஞ்சம் ஆடத்தான் செய்தேன்.

ஏப்ரல் மாதம், நுவரெலியாவில் சீசன். முதுகில் புண்ணோடு ஒரு மட்டக் குதிரை, ஊர் பார்க்க வருபவர்களைச் சுமக்கிறது என்று புகார் வந்தது. விசாரித்துக்கொண்டு நானுஓயாப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனேன். லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் குதிரை நின்றது. சேணம் உரசிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண்.

குதிரைக்காரர் கையைப் பிசைந்தார். “சீசன் முடிஞ்சதும் கட்டிப் போட்டுருவேங்க சார். இந்தப் பத்து நாள வச்சுத்தான் எங்களுக்கு வருசமே ஓடுது.”

“வாயில்லாத ஜீவனுங்க. அதுக்காக நாமதான் பேசணும்” என்று பயிற்சியில் படித்த பாடத்தை ஒப்பித்துவிட்டு எழுதினேன். பத்து நாள் முழு ஓய்வு. முதுகில் எதையும் ஏற்றக்கூடாது. வேளாவேளைக்குப் பச்சைப் புல். மீறினால் வழக்கு.

மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்த அவர் மனைவி, துண்டை வாங்கி நிதானமாகப் படித்தார். பிறகு திரும்பி நின்று, கழுத்துக்குக் கீழே சட்டையைச் சற்று இறக்கிக் காட்டினார். முதுகில் தொங்கும் கொழுந்துக் கூடை உரசி உரசித் தோல் வழன்று சிவந்திருந்தது.

“இதே மாதிரி எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க சார். டிஸ்பென்சரியில களிம்பு குடுத்தாங்க, லீவுத் துண்டு குடுக்கல. காலையில பெரட்டுல பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறப்ப காட்டிக்கிறேன்.”

கேலியா, வேண்டுதலா என்று முகத்தில் தெரியவில்லை. “மனுசங்களுக்கு எழுத எனக்கு அதிகாரம் இல்லீங்கம்மா.”

“அப்ப வாயிருக்கிறதுதான் தப்புங்களா சார்?”

துண்டுப் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பதினோராம் நாள் மறுபரிசோதனைக்குப் போனேன். குதிரை மாப்பிள்ளை மாதிரி நின்றது. புண் ஆறி, புதுத்தோல் மூடியிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாராட்டலாம் என்று குதிரைக்காரரைத் தேடினால், சவாரி இல்லாததால் நோர்வூட்டில் கட்டட வேலைக்குப் போய்ப் பத்து நாளாகிறது என்றார்கள்.

அப்போது அந்த அம்மா மேட்டில் ஏறி வந்தார். நாளெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு, பள்ளத்தில் அறுத்த புல்லுக்கட்டைச் சுமந்து வந்திருந்தார். வழக்கமாக அந்தக் கட்டைச் சுமந்து ஏறுவது குதிரை. கட்டை இறக்கியபோது பார்த்தேன், சட்டை முதுகோடு ஒட்டி ரத்தம் ஊறியிருந்தது.

“அது முதுகுல ஏத்தக் கூடாதுன்னு எழுதியிருந்தீங்கல்ல சார்” என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. குதிரை புல்லை மென்றுகொண்டிருந்தது. படிவத்தில் ஒரே ஒரு கட்டம் மிச்சமிருந்தது: ‘இவ்விடத்தில் வேறு வதை ஏதும் காணப்பட்டதா?’

இல்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன்.