சத்தத்தைக் கேளுங்க

கம்பியை எடுத்துக் கண்ணாடி மேஜையின் விளிம்பில் 'டங்' என்று ஒரு தட்டுத் தட்டுவார். "சத்தத்தைக் கேளுங்க. மட்டமான சரக்குன்னா இப்படிப் பாடுமா?" என்பார். எதிரே நிற்கும் ஆளுக்குத் தொடை இரண்டும் தானாக ஒட்டிக்கொள்ளும். விற்கிற சாமான் அப்படி. நுனி லேசாக வளைந்த, வழுவழுப்பான எஃகுக் கம்பி. ஆண்களின் சிறுநீர்க்குழாய் சுருங்கி அடைத்துக்கொண்டால் மருத்துவர்கள் இதைத்தான் உள்ளே விட்டு மெல்ல மெல்ல விரிப்பார்கள். ஒல்லியிலிருந்து பருமன்வரை ஒரு பெட்டிக்குள் வரிசையாகப் படுத்திருக்கும்.

மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் அந்த ஆபரேஷன் சாமான் கடைக்காரருக்கு 'டங் அண்ணன்' என்றுதான் பெயர். கத்தரிக்கோலை, இடுக்கியை எல்லாம் பேசாமல் எடுத்துக் கொடுத்துவிடுவார். கம்பி என்றால் மட்டும் உற்சாகம் பிய்த்துக்கொண்டு வரும். "இதுக்குப் போயா பயப்படுவாங்க? கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சுடும்" என்று, ஏதோ தினமும் காலையில் தானே செய்துகொண்டு வருகிறவர் போல வாய் கிழியப் பேசுவார்.

கம்பி வாங்க வருகிறவர்கள் எல்லோரும் நோயாளிகள் அல்ல. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர் வருவார், நாற்பதை நெருங்கும் ஆள். முதல் தடவை "வீட்டு நாய்க்கு" என்று வாங்கிப் போனார். அடுத்த தடவை வந்தபோது நம்மவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "நாய் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டுவைத்தார். அந்த ஆள் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"நாயே கிடையாதுங்க. எனக்குத்தான். நோயும் கிடையாது. உள்ள போனா ஒரு மாதிரி சுகமா இருக்கும். சிலருக்கு அப்படி."

டங் அண்ணன் கம்பியை மேஜையில் வைத்துவிட்டு, விரல் மடக்கிச் சொல்ல ஆரம்பித்தார். கிருமி நீக்காமல் தொடவே கூடாது, எண்ணெய் கிண்ணெய் என்று எதையும் தடவக்கூடாது, அதற்கென்று இருக்கிற ஜெல்தான், முட்டினால் தள்ளக்கூடாது, ரத்தத்தைப் பார்த்தால் வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். "சுகம் தேடப் போய் ஆஸ்பத்திரியில படுத்துடாதீங்க, ஆமா." பக்கத்தில் பில் போட்டுக்கொண்டிருந்த மனைவி தலை நிமிரவில்லை. அந்தக் கடையில் அந்த அம்மாளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அவராக எதையும் கேட்பதும் இல்லை.

இப்படிப்பட்ட சூரருக்கே போன மழைக்காலத்தில் அடைத்துக்கொண்டது. குளியலறைக்குள் போனால் ஆள் வெளியே வருவதில்லை. மானத்தைக் காப்பாற்றக் குழாயை வேறு திறந்துவிட்டுக்கொள்வார்.

"என்னங்க, தண்ணி வருதா இல்லையா?" என்று மனைவி கதவைத் தட்டினார்.

"குழாய்ல வருது. எனக்குத்தான் வரல" என்று உள்ளேயிருந்து ஈனசுரத்தில் பதில் வந்தது.

எதிர் மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர், அவருடைய மகள் வயது, கடையின் பழைய வாடிக்கை. பரிசோதித்துவிட்டு, "சின்ன அடைப்புதான் அங்கிள். கம்பி விட்டா சரியாயிடும்" என்றார்.

"எந்தக் கம்பி?"

"நீங்க குடுத்ததுதான்."

கடையில் தலைக்கு மேல் வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டு நழுவியவர், மறுநாள் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. முழுசாக அடைத்துக்கொண்டால் சிறுநீரகத்துக்கே ஆபத்து என்று மருத்துவர் தொலைபேசியில் சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. திட்டினார், அழுதார். மனிதர் அசைந்தால்தானே.

அந்தச் சமயத்தில்தான் தொப்பிக்காரர் ஜெல் வாங்க வந்தார். அந்த அம்மாள் பில்லைத் தள்ளி வைத்துவிட்டு, "நீங்களாவது சொல்லுங்க தம்பி. ஊருக்கெல்லாம் தைரியம் சொன்ன மனுஷன், தன்னோட கம்பிக்குப் பயந்து சாகறாரு" என்றார்.

தொப்பிக்காரர் முதல் தடவையாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். சாதாரணமான, நல்ல கண்கள். "இறுக்கினாத்தான் அண்ணே வலிக்கும். மூச்சை மெதுவா விட்டுக்கிட்டு, கால் விரலை ஆட்டிக்கிட்டே படுங்க. நான் காசு குடுத்து வாங்கிட்டுப் போறேன், உங்களுக்கு டாக்டரே பண்ணிவிடறேங்கறாங்க, வேணாங்கறீங்க" என்றார். பிறகு குரலைத் தணித்து, "கூட வரட்டுமா?" என்றார்.

மூவருமாகத் தெருவைக் கடந்து போனார்கள். "மகனா?" என்று நர்ஸ் கேட்டதற்கு, "கஸ்டமர்" என்றார் அந்த அம்மாள்.

மரத்துப்போகும் மருந்தெல்லாம் போட்டுத்தான் செய்தார்கள். டங் அண்ணன் மூச்சு விட்டார், கால் விரல்களை ஆட்டினார். கம்பி பட்டவுடன், "ஐயோ, என்னம்மா இப்படிச் சில்லுனு இருக்கு" என்றார்.

"எல்லாரும் அதைத்தான் அங்கிள் சொல்வாங்க."

"எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே" என்றார். குரலில் உண்மையான வருத்தம்.

இரண்டு நாள் எரிச்சல் இருந்தது. மூன்றாம் நாள் காலை, குழாயைத் திறக்காமல், குளியலறைக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். "ஏம்மா, சத்தத்தைக் கேளு."

கேட்டது. அடுப்படியில் நின்ற அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நேற்று நான் பஞ்சு வாங்கக் கடையில் நின்றபோது ஒரு பெரியவர் மருத்துவரின் சீட்டோடு வந்தார். கையெல்லாம் வியர்வை. டங் அண்ணன் பெட்டியைத் திறந்து ஒரு கம்பியை எடுத்தார், பழக்கத்தில் ஓங்கியும்விட்டார். கை பாதியில் நின்றது. கம்பியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். தன் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் தேய்த்தார். பிறகுதான் பெரியவரிடம் நீட்டினார்.