தானாக எழுந்துகொள்ளும் பெட்டி

பணி ஓய்வு பெற்ற மறுவருடம் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். அதற்கு முன்னால் பட்டாசு ஆலைகளுக்குப் போய், எல்லாம் விதிப்படி நடக்கிறதா என்று பார்ப்பது என் உத்தியோகம். எம். புதுப்பட்டியில் ஒரு ஷெட்டுக்கும் அடுத்த ஷெட்டுக்கும் எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். விருதுநகரில் என் வீட்டு மேசைமேல் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அடித்துக்கொண்டிருக்கும் கடிதம் அப்படியே இருக்கும். திடீரென்று திரை கறுக்கும். பெட்டிக்குள் டிக் என்று ஒரு சத்தம். பிறகு எதுவுமே நடக்காததுபோல் முதலிலிருந்து எழுந்து வரும். அதுவரை அடித்தது போயிருக்கும்.

கடிதம் போனால் எனக்குக் கவலையில்லை. ஆனால் அந்த ஆனி மாதம் பெட்டிக்குள் பக்கத்து வீட்டுப் பாயின் பிழைப்பு இருந்தது. திருத்தங்கலில் சின்ன அச்சகம் வைத்திருந்தவர் அவர். அதுவரை மற்றவர்கள் பெயரில் காலண்டர் அடித்துக் கொடுத்துவிட்டு, அந்த வருடம்தான் சொந்தப் பெயரில் போட இறங்கியிருந்தார். சிவகாசிப் பக்கம் ஆடிப் பதினெட்டு அன்று, அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த ஆல்பம் வெளிவர வேண்டும். வெளியூர் ஏஜென்டுகள் வந்து புரட்டிப் பார்த்து, யாருடைய ஆல்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போவது என்று முடிவு செய்வார்கள். தவறவிட்டால் சீசன் போயிற்று. ஆடிப் பதினெட்டுக்கும் பாயின் மார்க்கத்துக்கும் சம்பந்தம் கிடையாது, தொழிலுக்கு உண்டு.

தமிழ்த் தேதி, ஹிஜ்ரி தேதி, நட்சத்திரம், ராகு காலம், மூன்று மதப் பண்டிகை எல்லாம் பிழையில்லாமல் இருக்கும் தினசரித் தாள் என்பதுதான் அவர் ஏஜென்டுகளுக்குச் சொல்லியிருந்த பெருமை. மாதிரிக்கு ஜனவரியிலிருந்து மூன்று மாதத் தாள்கள் வேண்டும். எனக்குத் தமிழ் டைப்பிங் தெரியும், பிழை விடாதவன் என்றும் பெயர். அதனால் அந்த வேலை என்னிடம் வந்தது.

அடிக்கடி சேமித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு மாதம் முடிந்த பிறகுதான் சேமிப்பேன். முடியாத கோப்பில் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. ஜனவரியை நான்கு தடவை அடித்தேன்.

பிறகு முறையாக இறங்கினேன். யு.பி.எஸ். வாங்கி வைத்தேன். ஒரு நோட்டில் கட்டம் போட்டு, அணைந்த நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, அதற்கு முன் நடந்தது என்று எழுதிவந்தேன். டீ குடித்துவிட்டு வந்ததும். பால்காரருக்குக் கதவு திறந்துவிட்டு வந்ததும். போன் பேசிவிட்டு வந்ததும். நோட்டைப் படித்துப் பார்த்ததில், பெட்டியை விட்டு எழுந்து போனால் அதற்குப் பிடிக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தேன். இப்படி ஒரு முடிவை வேறு யாராவது அறிக்கையில் எழுதியிருந்தால் விளக்கம் கேட்டிருப்பேன்.

ஒருநாள் காலை முழுக்க எழுந்திருக்காமல் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. மனைவி வாசற்படியில் வந்து நின்றாள்.

"சோறு ஆறுது. அதுல என்ன முட்டையா வச்சிருக்கீக, அடைகாக்க?"

சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அணைந்தது.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவரை வரவழைத்தேன். அவர் உட்கார்ந்தார், நான் பின்னால் நின்றேன். ஒன்றரை மணி நேரம் பெட்டி தங்கமாக ஓடியது.

"இதுல ஒரு கோளாறும் இல்லையே சார்."

"நீங்க இருக்கும்போது இருக்காது. போனதும் அணைஞ்சுரும்."

"அப்ப நான் இங்கனயே குடியிருந்துரவா?"

ஆனாலும் நல்ல மனிதர். பெட்டியைக் கடைக்குத் தூக்கிப்போய் தூசி தட்டி, உள்ளே ஒன்றிரண்டை மாற்றி, இரண்டு நாள் நிறுத்தாமல் ஓடவிட்டுப் பார்த்தார். அணையவே இல்லை என்று சத்தியம் செய்தார். என் மேசைக்கு வந்தது. அன்று மாலையே அணைந்தது. வீட்டு வயரிங், சுவர் பிளக், வாசல் திசை என்று சந்தேகம் எங்கெங்கோ போயிற்று. வாசல் திசையைச் சொன்னது மனைவி. நான் மறுக்கவில்லை என்பதிலிருந்து என் நிலையைப் புரிந்துகொள்ளலாம்.

தாள்களை அச்சகத்தில் கொடுக்க ஐந்து நாள்தான் இருந்தது. பாய் இனிப் பொறுக்க முடியாமல் தானே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவர் ஹிஜ்ரி தேதியை வாசிக்க, நான் அடித்தேன். பிப்ரவரி பாதியில் தண்ணீர் குடிக்க எழுந்துபோய்த் திரும்பி வந்து உட்கார்ந்தேன். திரை கறுத்தது.

"சார், அதை எதுக்கு அமுக்குறீக?" என்றார்.

"எதை?"

"இப்பக் கை வச்சீகள்ல, அங்கன. பெரிய பட்டனுக்குக் கீள."

"நான் எங்கயும் கை வைக்கல பாய்."

"வச்சீக சார். போன தடவை எந்திரிச்சு வந்தப்பவும் வச்சீக. அப்பச் சும்மா இருந்துச்சு. இப்பப் படுத்துருச்சு."

கையைப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது, அல்லது புரிந்ததுபோல் இருந்தது. பட்டாசு ஷெட் ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உள்ளே போகிறவர் அதைத் தொட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். பணிக்காலம் முழுவதும் தொட்டிருக்கிறேன். தொடாதவர்களுக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன். ஓய்வு பெற்றது நான்தான், கை இல்லை. உட்காரும் முன் பளபளப்பாக எதையாவது தொட வேண்டும் என்று அது ரீஸ்டார்ட் பட்டனைத் தேர்ந்தெடுத்திருந்தது. அது செம்பு கூட இல்லை, வெள்ளி நிறம் பூசிய பிளாஸ்டிக்.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே பாய்."

"தொட்டுக் கும்புட்டுட்டு உக்காருறீகன்னுல்ல நெனச்சேன். உங்க வளக்கம், நான் எப்படிக் கேக்குறது?"

உள்ளிருந்து மனைவி, தானும் அப்படித்தான் நினைத்ததாகச் சொன்னாள். வேலையில் இருந்தவரை சாமி கும்பிடாத ஆள் இப்போதாவது திருந்தினாரே என்று சும்மா இருந்துவிட்டாளாம்.

பெட்டியை என் கைக்கு எட்டாமல் பாயின் பக்கம் நகர்த்தி வைத்தோம். இரண்டு நாள் நிம்மதியாகப் போயிற்று. மூன்றாம் நாள் மார்ச் தொடங்கும்போது மறுபடி அணைந்தது.

"கை எங்க சார்?"

இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். அவரும் காட்டினார். நான்கு கையும் மேலே இருக்க, பெட்டி முதலிலிருந்து எழுந்து வந்தது. மின்தடையும் இல்லை. அந்த ஒரு தடவைக்கு இன்றுவரை என்னிடம் காரணம் இல்லை. அப்படியானால் மற்ற தடவைகளில் எத்தனை என் கை, எத்தனை அதன் இஷ்டம் என்றும் தெரியவில்லை.

அதன்பின் பாய் என்னை நம்பவில்லை. ஒவ்வொரு தாளுக்கும் "சேமிங்க சார்" என்று சொல்லி, நான் சேமிப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த தேதியை வாசித்தார். கெடுவுக்கு முதல் நாள் மார்ச் முடிந்தது.

ஆடிப் பதினெட்டு சாயங்காலம் ஆல்பத்தோடு வீட்டுக்கு வந்தார். இரண்டு ஏஜென்டுகள் எடுத்திருந்தார்கள், ஒருவர் காரியாபட்டிக்காரர்.

"பிப்ரவரி பதினொண்ணு ரெண்டு தாள் இருந்துச்சாம் சார். காரியாபட்டிக்காரரு பாத்துட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணைக் கிளிச்சுத் தூரப் போட்டுட்டு ஆர்டரச் சொன்னாரு."

ஒரே நாளை இரண்டு தடவை அடித்த நினைவே எனக்கு இல்லை. காரியாபட்டிக்காரர் கிழித்த அந்த ஆல்பத்தை வாங்கிப் பார்த்தேன். மிஞ்சியிருந்த தாளில் நட்சத்திரத்துக்கான இடம் காலியாக இருந்தது.

"கிளிச்ச தாள்ல நட்சத்திரம் இருந்துச்சா பாய்?"

"அதை யாரு சார் பாத்தா?" என்று சொல்லிவிட்டு, மனைவி கொண்டுவந்த டீயை வாங்கிக்கொண்டார். "ஏப்ரல்ல இருந்து மிச்சத்தையும் நீங்கதான் அடிக்கணும். ஆனா கம்ப்யூட்டர் நம்ம அச்சகத்துல இருக்கட்டும்."