சித்தி மைக்கை விடவில்லை

சித்தி இறால் உரிக்கும் கொட்டகையிலிருந்து நேராக வந்திருந்தாள். எலுமிச்சை தேய்த்துக் கழுவியும் கையில் வாடை போகவில்லை. பல்கலைக்கழகக் கூடத்தின் மூன்றாவது வரிசையில் அவள் உட்கார்ந்ததும், பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து வேறிடம் போனார். நான் பார்த்தும் பாராததுபோல் இருந்தேன்.

அது இரண்டாயிரங்களின் தொடக்கம். தண்டையார்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து எம்.ஏ. படிக்கப் போய்க்கொண்டிருந்தேன். வகுப்பில் ‘இருக்கு’ என்பதற்குப் பதில் ஒரு ‘கீது’ தவறி விழுந்தால் ஒரு வாரம் சிரிப்பார்கள் என்பதால், ஒவ்வொரு சொல்லையும் துடைத்துத்தான் வெளியே விடுவேன். ‘போரும் மனித உரிமையும்: பொது விவாதம், அனைவரும் வருக’ என்ற நோட்டீஸை நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். படிக்கச் சொல்லிக் கேட்ட சித்தி, “அனைவரும்னா நானுந்தான?” என்றாள்.

சித்தப்பா அப்போது எட்டு மாதமாக அண்டை நாட்டுச் சிறையில் இருந்தார். காசிமேட்டிலிருந்து ஐந்து பேரோடு மீன்பிடிக்கப் போன அவர் படகின் இஞ்சின் நடுக்கடலில் நின்றுபோக, காற்று அதைத் தள்ளிக்கொண்டுபோய் எல்லைக்கு அப்பால் விட்டது. அங்கே போர் நடந்துகொண்டிருந்தது. உளவாளிகள் என்று சந்தேகப்பட்டு ஐந்து பேரையும் அடைத்துவிட்டார்கள். சித்தி ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. எல்லா இடத்திலும் மனுவை வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

மேடையில் இரண்டு மணி நேரம் கடல் எல்லைச் சட்டம் பேசினார்கள். கேள்வி நேரம் வந்ததும், நான் தடுத்ததையும் மீறிச் சித்தி எழுந்துபோய் மைக்கைப் பிடித்தாள்.

“தண்ணில கோடு கீதுன்னு சொல்றீங்களே, அத எனக்குக் காட்டுங்க. இஞ்சின் நின்னு போன படகு காத்து தள்ற பக்கந்தான் போவும். அதுக்கு என் வூட்டுக்காரர ஜெயில்ல போட்டுகீறாங்க. இன்னா உரிமை பேசிகினு கீறீங்க நீங்க?”

கூடம் சிரித்தது. கேள்வியைக் கேட்டல்ல, பேச்சைக் கேட்டு. தலைமை தாங்கிய பேராசிரியர், “அம்மா, இங்கே தனிப்பட்ட குறைகளைப் பேச முடியாது. உட்காருங்கள்” என்றார். ஒரு மாணவன் மைக்கை வாங்கப் போனான். சித்தி இன்னும் இறுக்கிப் பிடித்தாள். “என் வூட்டுக்காரரு மனுசன் இல்லியா சார்?”

அந்தச் சிரிப்பில் என் வகுப்பின் குரல்களை என்னால் தனித்தனியாகப் பிரித்துக் கேட்க முடிந்தது. என் உடம்பு பற்றி எரிந்தது, ஆனால் வெட்கத்தால் அல்ல. எழுந்து நின்றேன்.

“சார், அவங்க என் சித்தி. பேசிகினு கீறாங்க இல்ல? முடிக்க வுடுங்க!”

இரண்டு வருடம் ஒளித்து வைத்த பாஷை முழுசாக வெளியே வந்தது. சிரிப்பு நின்றது. மேடையிலிருந்த பெண் வழக்கறிஞர் ஒருவர் தன் பேச்சுத் தாளைத் திருப்பி வைத்து, “அந்த ஐந்து பேரின் பெயரையும் சொல்லுங்கம்மா” என்றார். சித்தி ஒவ்வொன்றாகச் சொன்னாள். தகப்பன் பெயரோடு சொன்னாள். கூடம் முழுக்க உட்கார்ந்து கேட்டது.

அந்த வழக்கறிஞர் விடாமல் கடிதங்கள் எழுதினார், டெல்லி வரை அலைந்தார். அடுத்த மழைக்காலத்துக்குள் ஐந்து பேரும் வந்து சேர்ந்தார்கள். சித்தப்பாவுக்கு ஒரு காது கேட்காமல் போயிருந்தது. அன்றிலிருந்து சித்தி அவருடைய மறுபக்கமாக உட்கார்ந்து பேசினாள்.

மறு வருடம் அதே கூடத்தில் அதே தலைப்பில் மறுபடியும் ஒரு விவாதம். அன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டுச் சித்தி புடவை மாற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “அதான் உன் ஆளு வந்துட்டாரே, இன்னும் இன்னாத்துக்குடி?”

“அந்த ஜெயிலு காலியா பூட்ச்சா?” என்று கேட்டுவிட்டு, சித்தப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள் சித்தி.