லீவு போட்டால் பூனைக்கு ஆகாது

அவள் பதினெட்டு வருஷமாக நகரப் பேருந்து ஓட்டுகிறாள். ஒரு நிமிஷம் முன்னே பின்னே போனதில்லை. சும்மா உட்காருவது மட்டும் அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. வருஷத்துக்கு இரண்டு தடவை பத்துப் பத்து நாள் விடுப்பு. முதல் நாள் காலையிலேயே கட்டிலைச் சன்னல் பக்கமும் அலமாரியை எதிர்ச்சுவருக்கும் தள்ள ஆரம்பித்துவிடுவாள்.

இந்தத் தடவை மூன்றாம் நாள், வீட்டுப் பூனை ‘கண்டக்டர்’ மூத்திரம் போக வைத்திருக்கும் தன் மண் தட்டை விட்டுவிட்டு, மடித்துவைத்த துணிமேல் போய்க் குந்தியது. முக்கி முக்கி நாலே சொட்டு.

“கொழுப்பு! வேணும்னே பண்றான்.”

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற கணவர் குனிந்து பார்த்தார். “கொழுப்பு இல்ல. சிவப்பா இருக்கு பாரு.”

இருவரும் பூனையைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மிருக டாக்டரம்மா அடிவயிற்றை அமுக்கிப் பார்த்தார், சிறுநீரையும் சோதித்தார். கிருமி இல்லை, கல்லும் இல்லை. மூத்திரப்பைதான் அழற்சியில் வீங்கியிருந்தது. வலிக்கு மருந்து எழுதிக்கொண்டே, “வீட்ல ஏதாவது மாத்தினீங்களா?” என்றார்.

“ஒண்ணுமில்லையே.”

கணவர் தொண்டையைச் செருமினார். “டாக்டர், போன தடவை இவனுக்கு இப்படி ஆனதும் இவ லீவுலதான்.”

“அப்ப நான்தான் வியாதியா?”

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். “நீங்க இல்லம்மா, நீங்க நகர்த்தற சாமான். சில பூனைக்குப் பதட்டம் வந்தா அது நேரா மூத்திரப்பையிலதான் போய் உக்காரும். ஈரத் தீனியா குடுங்க, தண்ணி நிறைய உள்ள போகட்டும். அமைதியான மூலையில இன்னொரு மண் தட்டு வைங்க. இது ஆண் பூனை. முக்கியும் சொட்டுகூட வரலன்னா நாளைக்குப் பாக்கலாம்னு இருக்காதீங்க, அந்த நிமிஷமே தூக்கிட்டு வாங்க. உயிருக்கே ஆபத்து.”

வீடு திரும்பியதும் இருவருமாகச் சாமான்களைச் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கே நகர்த்தினார்கள். பிறகு அவள் மணிக்கொரு தரம் மண் தட்டை எட்டிப் பார்த்தாள்.

“அடுத்த வண்டி எத்தனை மணிக்கு?” என்று கிண்டலடித்தார் கணவர்.

“கண்டக்டர் விசில் குடுக்கட்டும், சொல்றேன்.”

இரண்டு நாள் சொட்டுச் சொட்டாகத்தான் போயிற்று. ஆறாம் நாள் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், மண் அள்ளும் கரண்டியோடு ஓடிவந்தாள்.

“என்னங்க, இங்க பாருங்க! மூத்திரத்துல மண்ணு எலுமிச்சம்பழம் அளவு கட்டியிருக்கு! சிவப்பே இல்ல!”

“சாப்பிடறப்பவா காட்டுவ?” என்றவர், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். “நல்ல உருண்டைதான்.”

விடுப்பில் இன்னும் நாலு நாள் பாக்கி. அவள் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.